முதுகில் சுமந்த எஞ்சின்: இறக்கும் வழி பிறந்த கதை

மும்பை செம்பூரில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நாலு தெரு நடந்தால், ஏதாவது ஒரு சந்து முனையில் இந்தக் காட்சி கண்ணில் படும். ஓர் ஆட்டோ ஒருக்களித்துப் படுத்திருக்கும். விலாவுக்கு அடியில் பழைய டயர் ஒன்று தலையணையாகக் கிடக்கும். ஊருக்குப் புதியவர் வண்டி கவிழ்ந்துவிட்டதோ என்று பதறுவார். உள்ளூர்க்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மிஸ்திரி அடிவயிற்றில் வேலை பார்க்கிறார், அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப்பில் யாரும் எஞ்சினை 'அகற்றுவது' கிடையாது. 'இறக்குவார்கள்'. "எஞ்சின் இறக்கணும்ணே" என்று மிஸ்திரி சொன்னதும் வண்டிக்காரர் முகமும் கூடவே இறங்கும். மாற்ற வேண்டிய சாமான் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடலாம். அந்தச் சாமான் இருக்கும் இடத்துக்குக் கை போய்ச் சேரத்தான் நாள் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம். ஆகவே எந்த வண்டியிலும் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பது பாதிக் கதை. அது எப்படி வெளியே வருகிறது என்பது மீதிப் பாதி.

பின்னால் எஞ்சின் வைத்த வண்டிகளில் இந்த மீதிப் பாதி சுவாரசியமானது. அது தொடங்குவது போருக்குப் பிந்தைய ஜெர்மனியில்.

1945இல் வோல்ஃப்ஸ்பர்க் நகரின் ஃபோக்ஸ்வாகன் ஆலை பாதி இடிந்து கிடந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் பொறுப்பேற்று, அங்கே 'பீட்டில்' கார் உற்பத்தியை மீண்டும் தொடங்கினார். ஆலைக்குள் பாரம் நகர்த்தப் போதிய வண்டிகள் இல்லை. இருப்பதை வைத்துச் சமாளித்தார்கள்: பீட்டிலின் அடிச்சட்டத்தை எடுத்து, மேலே ஒரு தட்டையான பலகைத் தளம் போட்டு, பின்னால் எஞ்சினுக்கு மேல் ஓட்டுநர் இருக்கையை வைத்தார்கள். 'பிளாட்டன்வாகன்' என்று பெயர். நம் ஊர் மீன்பாடி வண்டியின் ஜெர்மன் உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

பீட்டில் காரை வாங்க வந்த டச்சு வியாபாரி பென் பொன் இந்த விசித்திரத்தைப் பார்த்தார். 1947 ஏப்ரல் 23 அன்று தன் குறிப்பேட்டில் ஒரு பெட்டி வரைந்தார். ஓட்டுநர் முன் ஓரத்தில், எஞ்சின் பின் ஓரத்தில், நடுவில் முழுக்கச் சரக்கு. அந்தப் பென்சில் கிறுக்கல் இன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1950 மார்ச் 8 அன்று அந்தப் பெட்டி வண்டியாகி உற்பத்திக்கு வந்தது. உலகம் பிறகு 'கோம்பி' என்றும் 'மைக்ரோபஸ்' என்றும் அழைத்த வேன் அது.

ஏப்ரல் 23க்கு இன்னொரு கணக்கும் உண்டு. சரியாக ஓராண்டு முன்பு, 1946 ஏப்ரல் 23 அன்று, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டருக்குக் காப்புரிமை பதிந்தது. வடிவமைத்தவர் கொரடீனோ தஸ்கானியோ. 1948இல் அதே ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் வைத்து 'ஆபே' என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தார்கள். நம் ஆட்டோவின் பாட்டன் அது. வேனும் ஆட்டோவும் ஒரே நட்சத்திரத்தில் பிறந்த தூரத்துச் சொந்தம்.

ஃபோக்ஸ்வாகன் வேனின் பின்னால் அமர்ந்தது 25 குதிரைத்திறன் எஞ்சின். நாலு சிலிண்டரும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். காற்றால் குளிர்வது. அதனால் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. எஞ்சின் இறக்கும்போது இது பெரிய வரம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் குழாயைப் பிடுங்கி அடைத்து, ஆக்சிலேட்டர் கேபிளை விடுவித்து, காயிலுக்கும் டைனமோவுக்கும் போகும் வயர்களை எடுத்து, ஹீட்டர் கேபிள்களைக் கழற்றினால் எஞ்சினுக்கும் வண்டிக்கும் மிச்சம் இருக்கும் உறவு கொஞ்சம்தான். ஆரம்பகால வண்டிகளில் எஞ்சின் கியர் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கீழே இரண்டு, மேலே இரண்டு, மொத்தம் நாலே பிடிப்பு. 17ஆம் நம்பர் ஸ்பேனர் போதும்.

சொல்லும்போது எளிது. மேலே உள்ள இரண்டு போல்ட்டும் ஃபேன் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பக்கம் நட்டைத் திருகினால் அந்தப் பக்கம் போல்ட் தலையும் கூடவே சுற்றும். ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துத் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மேலே நட்டைத் திருக வேண்டும். தனியாக வேலை செய்பவருக்கு மூன்றாவது கை வேண்டும். ஆலை பிறகு இதற்கொரு வழி கண்டது. ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கத்துப் போல்ட்டின் தலையை ஒரு பக்கம் சீவி, அரை நிலா வடிவில் செய்தது. சீவிய பக்கம் வார்ப்பின் விளிம்பில் முட்டி நின்றுகொள்ளும், சுற்றாது. உதவிக்கு ஆளில்லாத மெக்கானிக்கை மனதில் வைத்து ஒரு போல்ட் பிறந்தது.

அடுத்த சிக்கல் திசை. எஞ்சினை நேராகக் கீழே இறக்க முடியாது. கியர் பாக்ஸிலிருந்து ஒரு தண்டு நீண்டு வந்து கிளட்ச் தட்டுக்குள் நுழைந்திருக்கும். அதை விட்டு விலகும் வரை எஞ்சினைச் சாய்க்காமல் பின்னால் இழுக்க வேண்டும். அவசரப்பட்டுச் சாய்த்தால் சுமார் நூறு கிலோ எடை அந்தத் தண்டின் மேலும் தட்டின் மேலும் தொங்கும். பின்னால் இழுக்க இடம் வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் இருப்பதோ வண்டியின் பின் தகடு.

1971 மாடல் வரை வந்த வேன்களில் இதற்கு விடை வண்டியிலேயே இருந்தது. பம்பரையும் அதை ஒட்டிய பின் தகட்டையும் போல்ட் கழற்றித் தனியே எடுத்துவிடலாம். வாசல் திறந்துவிடும். ஜாக்கி மேல் உட்காரவைத்த எஞ்சினை, வண்டியை அதிகம் தூக்காமலே பின்னோக்கி உருட்டிக்கொண்டு வரலாம்.

1972 மாடலில் அந்த வாசலை அடைத்தார்கள். 1.7 லிட்டர் அளவுள்ள பெரிய எஞ்சினுக்காகப் பின்புறத்தை மாற்றி வரைந்தபோது, பின் தகடு பாடியோடு சேர்ந்துவிட்டது. எஞ்சின் அறை பெரிதானது, உறுதியும் கூடியிருக்கும். ஆனால் எஞ்சின் இறக்க வண்டியின் பின்புறத்தை இன்னும் உயரத் தூக்கி, தகட்டுக்கு அடியில் குனிய வைத்து வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டு முற்றத்தில் ஒற்றை ஜாக்கியை நம்பியிருப்பவருக்கு அந்தக் கூடுதல் உயரம் ஆபத்தும்கூட.

அதனால்தான் பழைய வேன் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் ஒரு டிங்கர் வேலையைச் செய்துகொள்கிறார்கள். ஒட்டிய பின் தகட்டை அளந்து அறுத்தெடுத்து, இரு ஓரத்திலும் பட்டை வைத்து வெல்டிங் செய்து, நட்டு பொருத்தி, மீண்டும் போல்ட்டில் மாட்டும்படி ஆக்குகிறார்கள். 1971இல் ஆலை கொடுத்ததைத் தங்கள் கையால் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இதில் கவனம் தப்பக் கூடாத இடம் ஒன்று உண்டு. காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் கீழிருந்து வரும் சூடான காற்று மேல் அறைக்குள் ஏறக் கூடாது. அறுத்த விளிம்பில் இடைவெளி விட்டால் எஞ்சின் தன் வெப்பத்தையே திரும்பக் குடிக்கும். தகடு கழன்று வர வேண்டும், மாட்டினால் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளவும் வேண்டும். வேலைக்காரரின் தரம் அங்கேதான் தெரியும்.

அந்த வேனுக்கு இந்தியச் சாலைகளில் பெரிய வாழ்வு அமையவில்லை. ஆனால் அதன் எஞ்சினோடு தொடர்புள்ள ஒரு பெயர் நம் எல்லாருக்கும் தெரியும்: மெட்டடோர். 1949இல் ஹாம்பர்க்கின் டெம்போ நிறுவனம் செய்த முதல் மெட்டடோர், ஃபோக்ஸ்வாகன் எஞ்சினை வாங்கி முன்பக்கம் வைத்து ஓடியது. தன் வேனுக்கே போட்டியாகிறது என்று கண்ட ஃபோக்ஸ்வாகன் 1952இல் எஞ்சின் கொடுப்பதை நிறுத்தியது. அந்தப் பெயர் பிறகு புணேவின் பஜாஜ் டெம்போ வழியாக இந்தியாவுக்கு வந்து, பள்ளிக்கூட வண்டியாகவும் ஆம்புலன்ஸாகவும் ஊர் ஊராக ஓடியது.

பின்னால் எஞ்சின் என்ற யோசனை இங்கே நிலைத்தது ஆட்டோவில். பஜாஜின் பழைய ஆட்டோவில் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருந்தது. சூடும் சத்தமும் அவர் தொடைக்குத்தான். 1977இல் பின்பக்க எஞ்சின் ஆட்டோ வந்தது. எஞ்சின், கியர், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே பொட்டலமாகப் பின்சக்கரங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தன. ஓட்டுநருக்குக் கீழே காலியானது. ஸ்டார்ட் செய்யும் கைப்பிடி மட்டும் முன்னாலேயே நின்றது. முன்னால் இழுத்தால் பின்னால் உறுமும்.

அதே யோசனை காரிலும் ஒருமுறை வந்துபோனது. 2009 மார்ச் 23 அன்று மும்பையில் விற்பனைக்கு அறிமுகமான டாடா நானோவின் 624 சிசி எஞ்சின் பின் இருக்கைக்கு அடியில் இருந்தது. முதலில் வந்த நானோவுக்கு வெளியிலிருந்து திறக்கும் டிக்கி கதவு கிடையாது. எஞ்சினைப் பார்க்க வண்டிக்குள் ஏறி, இருக்கையை மடக்கி, மூடியைத் தூக்க வேண்டும். திறக்கும் பின்கதவு 2015 மாடலில்தான் வந்தது. 1972இல் ஜெர்மனியில் அடைத்த வாசலை இங்கே பிறக்கும்போதே அடைத்திருந்தார்கள்.

ஆட்டோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பின் மூடியைத் திறந்தால் எஞ்சின் முகம் தெரியும். அடிப்பக்கம் பார்க்க லிஃப்ட் வேண்டாம், குழி வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வைத்து, இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு கை கொடுத்தால் வண்டியே சாய்ந்துவிடும். எஞ்சினை வண்டியிலிருந்து இறக்குவதா, வண்டியை எஞ்சினுக்காகப் புரட்டுவதா என்ற கேள்விக்கு எடை குறைந்த வண்டி தரும் விடை அது. எந்த ஆலையின் கையேட்டிலும் படிக்காமல் தெருவோர மிஸ்திரிகள் கண்டுகொண்டது.

செம்பூரிலிருந்து சயான் வந்தால் ஆட்டோவின் எல்லை முடிந்துவிடும், அதற்குத் தெற்கே மாட்டுங்காவில் டாக்சிதான். ஆனால் அந்த மாட்டுங்காவிலேயே, 1915 முதல் இயங்கும் ரயில்வே பணிமனை இருக்கிறது. அங்கே ரயில் பெட்டியை அப்படியே மேலே தூக்கி, சக்கரத் தொகுதியைத் தனியே உருட்டி எடுத்து வேலை பார்க்கிறார்கள். ரயிலுக்குக் கிரேன், வேனுக்கு ஜாக்கி, ஆட்டோவுக்குப் பழைய டயர்.

பழைய வண்டி வாங்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. பெயின்ட்டையும் சீட்டையும் பிறகு பாருங்கள். எஞ்சின் இறக்க எத்தனை போல்ட், எவ்வளவு நேரம், எத்தனை பேர் என்று முதலில் உங்கள் மிஸ்திரியிடம் கேளுங்கள்.