பள்ளிச் சாப்பாடும் பிறர் வீட்டார் பார்வையும்

பள்ளியில் மதிய மணி அடித்ததும் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் பெற்றோர் யாரும் அங்கே இருப்பதில்லை. ஆனாலும் மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "பக்கத்துல உட்கார்ற பொண்ணு இன்னிக்கு என்ன கொண்டுவந்தா?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். பிள்ளை சொல்லும் பதிலிலிருந்து அந்த வீட்டின் வசதி, சாதி, தாய் வேலைக்குப் போகிறாரா, பிள்ளைமேல் அக்கறை உள்ளவரா என்பன எல்லாம் ஊகிக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. பிறர் பிள்ளையின் சாப்பாட்டை எடைபோடப் பயன்பட்ட சொற்கள் காலத்துக்குக் காலம் மாறியுள்ளன. தீட்டு என்றார்கள், பிறகு இல்லாமை என்றார்கள், இப்போது சத்து என்கிறார்கள். சோற்றைப் பற்றிச் சொன்னவை பெரும்பாலும் அதைச் சமைத்த வீட்டைப் பற்றிய தீர்ப்புகளாகவே இருந்தன. பள்ளிகளில் பொதுச் சமையல் ஏன் தேவைப்பட்டது, அது எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதை இந்த வரலாற்றின் வழியாகக் காணலாம்.

பெட்டிக்குள் இருந்தவை

தொலைவான ஊர்களிலிருந்து நடந்துவந்து படித்தவர்கள் தூக்குச்சட்டியிலோ வாழை இலைப் பொட்டலத்திலோ சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு அலுமினியத் தூக்கும், அதன்பின் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் வந்தன. மூடியைத் திறக்கும் முன்பே பாத்திரம் வீட்டின் நிலையை ஓரளவு சொல்லிவிடும்.

மீதியை உள்ளே இருந்த உணவு சொல்லியது. புன்செய் நிலப் பகுதிகளில் கம்பும் சோளமும் கேழ்வரகும் அன்றாட உணவுகள். நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. ஆகவே நெல்லுச்சோறு கொண்டுவந்த மாணவன் வசதியான வீட்டுப் பிள்ளை. களியோ கூழோ கொண்டுவந்தவன் ஏழை வீட்டுப் பிள்ளை. மூடியால் மறைத்துக்கொண்டு களி தின்றதை அந்தத் தலைமுறையினர் பலர் இன்றும் நினைவுகூர்வதுண்டு. கருவாட்டுக் குழம்பை மறைக்க மூடி உதவாது. வாசனை வகுப்பு முழுவதும் பரவி, வீட்டின் உணவுப் பழக்கத்தையும் சாதியையும் பற்றிய பேச்சைத் தொடங்கி வைக்கும்.

ரேஷன் அரிசி பரவிய பிறகு நெல்லுச்சோறு எல்லோருக்கும் கிடைத்தது. சிறுதானியங்கள் அடுப்படியிலிருந்து விலகின. பின்னர் நகரங்களில் அவை 'ஆரோக்கிய உணவு' என்ற பெயரில் கூடுதல் விலையோடு திரும்பி வந்தன. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. முன்பு இல்லாத வீட்டின் அடையாளமாக இருந்த கேழ்வரகு, இன்று தோசையாகப் பெட்டியில் வைக்கப்பட்டால் அக்கறையுள்ள தாயின் அடையாளமாகப் பாராட்டப்படுகிறது. தானியம் மாறவில்லை. அதை உண்ணும் வீடுகள் மாறியதால் மதிப்பும் மாறியது.

ஆயிரம் விளக்கு, 1920

வறுமையால் சோறு கொண்டுவர முடியாத பிள்ளைகள் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவது சென்னை மாநகராட்சிக்கு ஒரு சிக்கலாக இருந்தது. நீதிக்கட்சித் தலைவரும் மாநகராட்சித் தலைவருமான பி. தியாகராயச் செட்டியார் காலத்தில், 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது வரம்பு. பிறகு வேறு சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இது விரிவடைந்தது. பிள்ளைகளின் வருகையும் கூடியது. தொடக்கக் கல்விக்கான நிதியை உணவுக்குச் செலவிட அரசு இசையாததால் 1925இல் இத்திட்டம் நின்றது.

சேரன்மாதேவி, 1925

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் தெற்கே வேறொரு பள்ளிச் சாப்பாடு தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. வ.வே.சு. ஐயர் தேசியக் கல்வி தருவதற்காகத் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் குருகுலம் ஒன்றை நடத்தி வந்தார். பல சாதியினரும் அதற்கு நன்கொடை அளித்தனர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தர முடிவு செய்து, முதல் தவணையாக ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது.

அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்படுகிறது என்ற செய்தி வெளியே வந்தது. அந்த இரு பிள்ளைகளின் பெற்றோர் அவ்வாறு கேட்டுக்கொண்டதால் வாக்குக் கொடுத்துவிட்டதாகவும், மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்தே உண்பதாகவும் ஐயர் விளக்கம் தந்தார். பி. வரதராஜுலு நாயுடுவும் காங்கிரஸ் கமிட்டிச் செயலாளராக இருந்த ஈ.வெ. ராமசாமியும் இதை ஏற்கவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றனர். இரண்டாம் தவணைப் பணத்தைத் தர ராமசாமி மறுத்தார்.

காந்தி இதில் தலையிட்டார். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இருவரை மட்டும் அப்படியே விட்டுவிடலாம், இனிச் சேர்வோருக்கு அத்தகைய நிபந்தனையை ஏற்கக் கூடாது என்பது அவர் சொன்ன வழி. அதனால் சர்ச்சை அடங்கவில்லை. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் விழுந்து இறந்தார். அவ்வாண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டை ஒட்டி ராமசாமி காங்கிரசை விட்டு வெளியேறினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் நிறைவேறாததே உடனடிக் காரணம். குருகுல விவகாரமும் அந்தக் கசப்பில் சேர்ந்திருந்தது.

இரு வீட்டுப் பெற்றோரின் வேண்டுகோள் இவ்வளவு பெரிதானதை வியப்பாகக் கருத வேண்டியதில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்பது அங்கே கேள்வியாக எழவே இல்லை. தம் பிள்ளை யார் அருகில் அமர்கிறது, யார் கையால் உண்கிறது என்பதே அந்தப் பெற்றோரின் கவலை. எஞ்சிய பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அதைத் தங்கள் வீடுகளின் மீது சொல்லப்பட்ட தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டனர்.

ஒரே கொப்பரை

விடுதலைக்குப் பின் முதலமைச்சர் காமராசர் பள்ளி மதிய உணவை மாநிலம் முழுவதற்குமான திட்டமாக்கினார். 1950களின் நடுப்பகுதியில் ஊரார் தந்த நெல்லும் காய்கறியும் விறகும் கொண்டு தொடங்கி, அரசின் நிதியுதவியோடு அது வளர்ந்தது. அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் ஆதரவு திரட்டினார். 1960களில் கேர் அமைப்பு பால் பவுடர் முதலியவற்றை வழங்கியது.

1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி. ராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் ஊரகப் பகுதிகளில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உணவு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் திட்டம் விரிந்தது. 1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்க்கப்பட்டது; 2010இல் அது வாரம் ஐந்து முட்டை ஆயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. 2013இல் ஜெ. ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள் அறிமுகமாயின.

பசியைப் போக்குவதும் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைப்பதும் இத்திட்டங்களின் முதன்மை நோக்கங்கள். இவற்றோடு இன்னொரு பயனும் விளைந்தது. ஒரே கொப்பரையிலிருந்து எல்லோருக்கும் பரிமாறினால், எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று பார்க்க வழியில்லை.

தட்டும் பெட்டியும்

ஆனால் எல்லோரும் அந்தக் கொப்பரையிலிருந்து உண்ணவில்லை. சத்துணவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் தட்டோடு வந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து பெட்டி கொண்டுவந்தார்கள். ஒரே வகுப்பில் இரண்டு கூட்டங்கள் உருவாயின. "வீட்டில் சோறில்லையா, சத்துணவு வாங்கித் தின்கிறாயே" என்ற கேலியைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்ததில்லை. வீட்டுப் பெரியவர்களின் பேச்சிலிருந்தே அதைக் கற்றார்கள். தேவை இருந்தும் மானத்துக்கு அஞ்சிப் பெயர் கொடுக்காமல் இருந்த வீடுகள் உண்டு. தட்டை மறைத்து எடுத்துச் சென்ற பிள்ளைகளும் உண்டு.

அடுத்து, சமைப்பவர் யார் என்ற பழைய கேள்வி திரும்பி வந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. 2004 ஏப்ரலில் பிறப்பித்த மற்றோர் ஆணையில், சமையலர்களையும் உதவியாளர்களையும் நியமிக்கும்போது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது. சோறு ஒன்றானாலும் அதைச் சமைக்கும் கையை வைத்துப் பெற்றோர் பிள்ளைகளை விலக்கிக்கொள்வதை நீதிமன்றம் கணக்கில் எடுத்திருந்தது.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2023 ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அடுத்த மாதமே தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணப் பெற்றோர் சிலர் விடவில்லை என்ற புகார் எழுந்தது. கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலும் அதுபோல நடந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் உசிலம்பட்டி சென்று பிள்ளைகளோடு அமர்ந்து அந்த உணவை உண்டனர். சேரன்மாதேவிக்கும் உசிலம்பட்டிக்கும் இடையே ஏறக்குறைய நூறாண்டுகள் கடந்திருந்தன.

பிற நாடுகளில்

பிள்ளையின் பெட்டி வழியாக வீட்டை அளக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் பள்ளி உணவின் தொடக்கமாகக் குறிப்பிடப்படுவது 1889ஆம் ஆண்டு. யமகாத்தா மாகாணத்தின் த்சுருவோக்கா நகரில், ஒரு கோயில் வளாகத்தில் நடந்த தொடக்கப் பள்ளியில், 'பெந்தோ' எனப்படும் உணவுப் பெட்டி கொண்டுவர முடியாத ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். 1954இல் பள்ளி உணவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று பெரும்பாலான ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியரும் மாணவரும் வகுப்பறையிலேயே ஒரே உணவை உண்கிறார்கள். மாணவர்களே முறைவைத்துப் பரிமாறுகிறார்கள்.

இங்கிலாந்தில் சத்து என்ற அளவுகோல் வகுப்பு வேறுபாட்டோடு கலந்தது. சமையற்கலைஞர் ஜேமி ஆலிவரின் தொலைக்காட்சித் தொடர் 2005இல் வெளியான பின் பள்ளி உணவைத் திருத்தும் முயற்சிகள் வேகம் பெற்றன. 2006 செப்டம்பரில் ராதர்ஹாம் அருகே ராமார்ஷ் என்ற ஊரில், புதிய உணவைப் பிள்ளைகள் விரும்பவில்லை என்று தாய்மார் சிலர் பள்ளி வேலி வழியாகப் பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் கொடுத்தனர். பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன. உணவு நல்லதா கெட்டதா என்று தொடங்கிய விவாதம், உழைக்கும் வகுப்புத் தாய்மாரின் வளர்ப்பைப் பற்றிய ஏளனமாக முடிந்தது.

தீட்டிலிருந்து சத்துக்கு

தமிழ்நாட்டில் வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியபோது சாப்பாட்டுப் பெட்டியும் அங்கே சென்றது. அங்கே பொதுக் கொப்பரை இல்லை. சில பள்ளிகள் கிழமைவாரியாக எதைக் கொடுத்தனுப்பலாம் என்று பட்டியல் தருகின்றன. சில பள்ளிகள் புலால் உணவு வேண்டாம் என்கின்றன. 2024 ஆகஸ்டில் தில்லியை அடுத்த நொய்டாவில் ஒரு தனியார் பள்ளி அவ்வாறு கேட்டுக்கொண்டபோது அது நாடளாவிய விவாதமானது. சமைத்த புலால் மதியத்துக்குள் கெட்டுவிடலாம், எல்லா மாணவரையும் மதித்துச் சேர்ந்து உண்ண வேண்டும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். மிகப் பெரும்பான்மையோர் புலால் உண்ணும் தமிழ்நாட்டில் இத்தகைய விதி, பெரும்பாலான பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டுச் சோறு பள்ளிக்கு ஏற்றதல்ல என்று சொல்லிவிடுகிறது.

வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு வேறு விதம். நூடுல்ஸ் கொடுத்தனுப்பும் தாய், கடையில் வாங்கிய கேக்கைக் கொடுத்தனுப்பும் தாய், முதல் நாள் குழம்பைக் கொடுத்தனுப்பும் தாய் என்று பிள்ளைகளின் பெட்டி வழியாகத் தாய்மார் எடைபோடப்படுகிறார்கள். தந்தையின் பெயர் இந்தப் பேச்சில் அரிதாகவே வருகிறது. விடியலில் வேலைக்குப் பேருந்து பிடிக்கும் பெண்ணும், வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்திருக்கும் பெண்ணும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகிறார்கள்.

சத்தைப் பற்றிய கவலை பொய்யானதன்று. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. ஆனால் விதி கட்டுப்படுத்துவது விற்பவரை. பேச்சு தண்டிப்பது பிள்ளையை. பெட்டியில் எதை வைப்பது என்று முடிவு செய்யாத ஒருவர்தான், அதற்கான ஏளனத்தை வகுப்பறையில் தனியாக ஏற்கிறார்.

முடிவுரை

1920இல் ஓர் அணாச் சிற்றுண்டியாகத் தொடங்கிய பொதுச் சமையல், பல இலட்சம் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது. வீட்டு வேறுபாடு தெரியாமல் உண்ணும் ஓர் இடத்தையும் அது உருவாக்கியது. அந்த இடத்துக்கு வெளியே நின்றவர்கள் வழியாகவும், அதில் சமைத்தவர்களைப் பற்றிய பேச்சு வழியாகவும் பழைய பார்வை தொடர்ந்தது. திட்டங்களால் உணவைப் பொதுவாக்க முடிந்தது. மாலையில் பிள்ளையிடம் கேட்கப்படும் கேள்வியை வீட்டில் உள்ளவர்கள்தான் மாற்ற முடியும். "அவ என்ன கொண்டுவந்தா?" என்று கேட்கும் இடத்தில் "யாரோட உட்கார்ந்து சாப்பிட்டே?" என்று கேட்டாலே பிள்ளைக்கு அது புரிந்துவிடும்.