சந்தைக்கு ஏற்றும் முன் ஒரு கணக்கு: வண்டி வாடகையும் குழாய்ச் செலவும் குறைய வழிகள்

விளைச்சலைக் கூட்ட ஆலோசனைகள் நிறையவே கிடைக்கின்றன. அறுவடைக்குப் பிறகு வண்டி வாடகையிலும் சுமைக்கூலியிலும் போகும் பணத்தைப் பற்றிப் பேச்சு குறைவு. அதே வண்டி, அதே வாடகை என்றாலும், எதை எவ்வளவு ஏற்றுகிறோம், எங்கே அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்துக் கையில் நிற்கும் தொகை மாறும். இதற்கென்று கணிதத்தில் ஒரு துறையே இருக்கிறது, 'ஆப்டிமைசேஷன்' என்பார்கள். சரக்கு நிறுவனங்கள் கணினியில் போடும் இந்தக் கணக்கின் அடிப்படையை ஒரு தாளும் பேனாவும் வைத்துத் தோட்டத்திலேயே போட்டுவிடலாம். கீழே வரும் விலை, வாடகை, எடை எல்லாம் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. அந்த இடத்தில் உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டுப் பார்க்கவும்.

முதலில் நிரம்புவது எடையா, இடமா?

ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடிக்கிறீர்கள். 750 கிலோ ஏற்றலாம், 50 பெட்டி அடுக்க இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தக்காளிப் பெட்டி ஒன்று 20 கிலோ. வாடகையைச் சேர்க்காமல் மற்ற செலவுகள் போக 100 ரூபாய் நிற்கும். வெண்டைப் பெட்டி ஒன்று 10 கிலோ. 70 ரூபாய் நிற்கும். வாடகையை ஏன் சேர்க்கவில்லை என்றால், எதை ஏற்றினாலும் வாடகை ஒன்றுதான்.

ஒரு பெட்டிக்கு அதிகம் நிற்பது தக்காளி என்பதால் அதை மட்டும் ஏற்றத் தோன்றும். 37 பெட்டியிலேயே 740 கிலோ ஆகிவிடும். கிடைப்பது 3,700 ரூபாய். மேலே 13 பெட்டி இடம் காலி. வெண்டை மட்டும் ஏற்றினால் 50 பெட்டியும் நிரம்பும், 3,500 ரூபாய் கிடைக்கும். ஆனால் எடையில் 250 கிலோ மீதம் கிடக்கும். தக்காளி 25 பெட்டி, வெண்டை 25 பெட்டி என்று கலந்து ஏற்றினால் எடை 750 கிலோ, பெட்டி 50. இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பும். கிடைப்பது 4,250 ரூபாய்.

கனமான சரக்கு எடையை முதலில் தீர்த்துவிடும், இலேசான சரக்கு இடத்தை முதலில் தீர்த்துவிடும். இரண்டையும் கலந்தால்தான் கொடுக்கிற வாடகைக்கு முழு வண்டியும் உழைக்கும். ஆனால் எப்போதும் பாதிக்குப் பாதிதான் சரி என்று நினைத்துவிடக் கூடாது. தக்காளி விலை ஏறி, பெட்டிக்கு 150 ரூபாய் நின்றால் என்ன ஆகும்? தக்காளி மட்டும் ஏற்றினால் 5,550 ரூபாய். 25-க்கு 25 கலந்தால் 5,500 ரூபாய்தான். அதனால் விலை மாறும் நாளில் கணக்கையும் மாற்றிப் போட வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஓட்டுநர் வாய்ச்சொல்லை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையும் வெற்று எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கூடிய எடை. அதில் ஓட்டுநரும் கூடப் போகும் ஆட்களும் அடக்கம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு முறை பிடிபட்டாலே பல நடை லாபம் போய்விடும்.

ஏற்றும்போது கனமான பெட்டிகள் அடியிலும் கேபின் பக்கமாகவும் இருக்க வேண்டும். கடைசியாக இறக்க வேண்டியதை முதலில் ஏற்றவும். இல்லையென்றால் ஒவ்வொரு கடையிலும் பாதி வண்டியை இறக்கி ஏற்றும் கூலி சேரும். இன்னொன்றையும் கவனிக்கவும். நன்கு பழுத்த தக்காளி எத்திலீன் வாயுவை வெளிவிடும். இரவு முழுக்கத் தார்ப்பாய் மூடிப் போகும் வண்டியில் கீரை, பாகல் போன்றவற்றை அதோடு வைத்தால் மஞ்சளாகிவிடும். நீண்ட தூரம் என்றால் நிறம் திரும்பும் பருவத்தில் பறித்த தக்காளியையே ஏற்றவும், காற்று போக வழி விடவும். கணக்கில் சரியாக வரும் கலவை, சரக்கைக் கெடுத்தால் பயனில்லை.

பக்கத்துத் தோட்டத்தோடு சேர்ந்தால் வாடகையை எப்படிப் பிரிப்பது?

இரண்டு பயிரும் ஒருவரிடமே இருக்கும் என்று சொல்ல முடியாது. தக்காளி ஒருவருடையது, வெண்டை பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது என்றால் சேர்ந்து அனுப்பலாம். சச்சரவு வருவது வாடகையில்தான். வாடகை 1,200 ரூபாய் என்றால், எடைப்படி தக்காளிக்காரர் 800, வெண்டைக்காரர் 400. பெட்டி எண்ணிக்கைப்படி ஆளுக்கு 600. எடைப்படி பிரித்தால் தக்காளிக்காரருக்கு வருத்தம், பெட்டிப்படி பிரித்தால் வெண்டைக்காரருக்கு வருத்தம். வண்டியில் எடை, இடம் இரண்டுமே தீர்ந்துபோவதால் இரண்டு கணக்குக்கும் நடுவில் வைப்பது நியாயம்: தக்காளிக்காரர் 700, வெண்டைக்காரர் 500. இதை வண்டி கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளவும். விற்றுவிட்டு வந்து பேசினால், அன்று நல்ல விலை கிடைத்தவர் அதிகம் தர வேண்டும் என்ற பேச்சு வரும். விலைக்கும் வாடகைக்கும் சம்பந்தமில்லை.

பக்கத்துச் சந்தையா, தூரத்துச் சந்தையா?

பக்கத்துச் சந்தையில் கிலோ 18 ரூபாய், வாடகை 900. தூரத்துச் சந்தையில் கிலோ 21 ரூபாய், வாடகை 2,700. எங்கே போவது என்பதைச் சரக்கின் அளவு தீர்மானிக்கும். வாடகை வித்தியாசம் 1,800 ரூபாயைக் கிலோ விலை வித்தியாசம் 3 ரூபாயால் வகுத்தால் 600 கிலோ. சரக்கு அதற்கு மேல் இருந்தால்தான் தூரத்துச் சந்தை கட்டும். 750 கிலோவுக்கு 450 ரூபாய் கூடுதலாக நிற்கும். 400 கிலோவுக்கு 600 ரூபாய் கையைவிட்டுப் போகும். தரகு, வழியில் குறையும் எடை, கூடப் போகிறவரின் சாப்பாடு, ஒரு நாள் கூலி ஆகியவற்றையும் வித்தியாசத்தில் சேர்த்தால் இந்த எல்லை இன்னும் மேலே போகும். கைபேசியில் வரும் விலையை மட்டும் பார்த்து வண்டி ஏற்றுகிறவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை.

குழுவாக அனுப்பும்போது மலிவான வழியே செலவாகலாம்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துவோருக்கு இது முக்கியம். மேற்கு, கிழக்கு என இரண்டு சேகரிப்பு மையங்கள். ஒவ்வொன்றிலும் 60 பெட்டி. வாங்குவோர் இரண்டு இடம்: சந்தை 60, நகரத்துக் கடை 60. பெட்டிக்கு ஆகும் செலவு: மேற்கிலிருந்து சந்தைக்கு 10 ரூபாய், கடைக்கு 14. கிழக்கிலிருந்து சந்தைக்கு 12, கடைக்கு 25.

நான்கில் மலிவானது மேற்கு–சந்தை 10 ரூபாய். அதை முதலில் எடுத்துக்கொண்டால் கிழக்குச் சரக்கு கடைக்குத்தான் போயாக வேண்டும். மொத்தம் 2,100 ரூபாய். மாற்றி, மேற்கைக் கடைக்கும் கிழக்கைச் சந்தைக்கும் அனுப்பினால் 1,560 ரூபாய். ஒரே நாளில் 540 ரூபாய் மிச்சம். செலவை மட்டும் பார்க்காமல், 'இந்த இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வழிக்கு எவ்வளவு கூடும்?' என்று பார்க்க வேண்டும். மேற்குக்கு 4 ரூபாய்தான் கூடும், கிழக்குக்கு 13 ரூபாய் கூடும். அதிகம் கூடுகிற இடத்துக்கு முதலுரிமை தரவும்.

மையங்கள் ஐந்தாறு ஆகிவிட்டால் தாளில் போடுவது சிரமம். எக்ஸலில் 'சால்வர்' என்ற வசதி இருக்கிறது. இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் உண்டு. அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தால் அதுவே விடை தரும். 1938-இல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிலில், எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் போட்டால் அதிக உற்பத்தி கிடைக்கும் என்று கேட்டார்கள். அதற்கு விடை தேடிய லியோனிட் கான்டரோவிச் உருவாக்கிய முறை இந்த வகைக் கணக்குகளின் தொடக்கங்களில் ஒன்று. 1975-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது.

குழாய் வெட்டுவதற்கு முன்

கொட்டகை, பந்தல் வேலைகளிலும் இதே கணக்கு உதவும். ஆட்டுக் கொட்டகைக்கு 2.7 மீட்டர், 2.1 மீட்டர், 1.15 மீட்டர் நீளத்தில் தலா 8 ஜி.ஐ. துண்டுகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழுக் குழாய் 6 மீட்டர். (20 அடி என்று சொல்லி விற்றாலும் 6 மீட்டர் என்பது 19 அடி 8 அங்குலம்தான். அடிக்கணக்கில் திட்டமிட்டால் கடைசித் துண்டு குறையும்.)

ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக வெட்டினால் 4, 4, 2 என 10 குழாய் ஆகும். 2.1 மீட்டர் வெட்டியதில் மிஞ்சும் 1.8 மீட்டர் துண்டுகளிலிருந்து நான்கு சிறிய துண்டுகள் எடுத்துக்கொண்டால் 9 குழாய். ஒரே குழாயில் மூன்று அளவையும் ஒவ்வொன்று வெட்டினால் 2.7, 2.1, 1.15 சேர்ந்து 5.95 மீட்டர், அறுப்பில் போவதற்கு 5 சென்டிமீட்டரும் இருக்கிறது. மொத்தம் 8 குழாய் போதும்.

இதற்கு மேல் குறைக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. தேவையான துண்டுகளின் மொத்த நீளம் 47.6 மீட்டர், 6-ஆல் வகுத்தால் 7.93. ஆகவே 8-க்குக் கீழே எந்த வழியிலும் வராது. இந்த வகுத்தலைக் கடைக்குப் போகும் முன் போட்டுவிடவும். பட்டறைக்காரர் சொல்லும் எண்ணிக்கை அதைவிட மிக அதிகமாக இருந்தால், எந்தக் குழாயில் எந்தெந்தத் துண்டு வரும் என்று எழுதித் தரச் சொல்லவும். வெட்டிய பிறகு மிஞ்சும் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளில் நீளத்தைச் சுண்ணாம்பால் எழுதி வைத்தால், அடுத்த வேலைக்குத் தேடி அளக்க வேண்டியதில்லை.