பத்தாயப் பலகை சொன்ன கணக்கு



2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த கஜா புயலை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தென்னைகள் சாய்ந்ததைப் பற்றி நிறைய பேசிவிட்டோம். அதிகம் பேசாத இழப்பு ஒன்று உண்டு. ஓடு பறந்த பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதைவிட இடித்துக் கட்டுவதே மேல் என்று பலர் முடிவு செய்தார்கள். அந்த வீடுகளிலிருந்த ஊஞ்சல், கட்டில், மர பீரோ, பத்தாயம் எல்லாம் லாரி ஏறிப் பழைய மரக்கடைகளுக்குப் போயின. இப்போது காலம் திரும்பியிருக்கிறது. அதே மாதிரிச் சாமான்களை நம் பிள்ளைகள் காரைக்குடி வரை போய்க் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். "பர்மா தேக்கு, இருநூறு வருஷப் பழசு" என்று கடைக்காரர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று சென்ற மாதம் இருவர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இணையத்தில் பழைய மரச்சாமான் என்று தேடினால் பெரும்பாலும் ஓக் மரத்தைப் பற்றியே வரும். ஓக் இங்கிலாந்தின் மரம். அங்கே வீடு, கப்பல், நாற்காலி எல்லாம் அதில்தான். கப்பல் கட்டிக் கட்டி அங்கே ஓக் தட்டுப்பாடு வந்தபோது ஆங்கிலேயர் தேக்கின் பக்கம் திரும்பினார்கள். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் வெள்ளோட்டம் விட்ட 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் தண்ணீரில் மிதக்கிறது. ஓக்கில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஆணியையும் காக்கும், கரையானையும் அண்ட விடாது. ஆகவே ஓக்குக்கு அவர்கள் சொல்லும் பராமரிப்பு முறையை அப்படியே நம் வீட்டுத் தேக்குக்குச் செய்யத் தேவையில்லை.

இனி பர்மாவுக்கு வருவோம். 1852 போரில் கீழ் பர்மாவையும் 1885 போரில் மேல் பர்மாவையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இடையில் 1863இல் தொடங்கிய பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் காட்டுத் தேக்கை யானை கட்டி இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டு, இரங்கூனுக்குக் கொண்டுவந்தது. ஐராவதி டெல்டா நம்மைப் போலவே நெல் பூமி. அங்கே விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போக, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் பர்மா உழவனின் பறிபோன வயலும் இருக்கிறது என்பதை நெல் விளைவிக்கும் நாம் மறக்கக்கூடாது. 1942இல் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்ததும் இலட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகத் தப்பி வந்தார்கள். போர் முடிந்த பிறகும் அங்கிருந்து மரம் வந்துகொண்டுதான் இருந்தது. உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை மியான்மர் அரசு 2014 ஏப்ரலில்தான் நிறுத்தியது. எனவே பர்மா தேக்கு என்றாலே போருக்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தேக்கெல்லாம் பர்மாவுடையதும் அல்ல. மலபாரின் நிலம்பூரில் 1840களிலேயே கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் போட்டுவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கும் நம் பக்கம் நிறைய வந்திருக்கிறது.

நம் ஊர்க் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் முத்தம்பாள் பெயரில் கட்டிய சத்திரம் இருநூறு ஆண்டுகள் கடந்தது. ஆனால் சத்திரத்தின் வயதை நம் வீட்டு பீரோவுக்குக் கொடுக்க முடியாது. 1934இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணைக் கால்வாயில், நாம் சொல்லும் புது ஆற்றில், தண்ணீர் வரும்வரை இந்தப் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. காவிரியின் பழைய பாசனப் பகுதிகளைப் போல நெல் பணம் இங்கே புரண்டது அதற்குப் பிறகுதான். நம் வட்டாரத்து விவசாயி வீட்டிலிருந்து வந்த சாமான் என்றால் 1930களுக்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எண்பது, தொண்ணூறு வருஷம் என்பதும் குறைந்த வயதில்லை.

அடையாளம் காணும் வழியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நம் பகுதியில் வேலை செய்யும் வயதான ஆசாரி ஒருவர். பக்கத்து வீட்டில் வாங்கிய பீரோவைப் பார்க்க அவரை அழைத்துப் போனேன். முன்பக்கத்தை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. இழுப்பறையை உருவிக் கவிழ்த்தார்.

"முகத்துக்கு எல்லாரும் மை பூசுவாங்க சார். முதுகைப் பாருங்க" என்றார்.

அவர் காட்டியவை இவை. கையால் அறுத்த பலகையில் ரம்பத் தடம் நேராக, ஆனால் சீரில்லாமல் இருக்கும். வட்ட ரம்பத்தில் அறுத்தது என்றால் தடம் வில் போல வளைந்திருக்கும். பழைய வேலையில் ஒரு கட்டையின் முனையை நாக்கு போலச் செதுக்கி, இன்னொன்றில் துளையிட்டுச் செருகி, மூங்கில் ஆணி அடித்திருப்பார்கள். இழுப்பறை மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் இருக்கும். அவை ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டால் கைவேலை. கூட்டல் குறி போட்ட தலையுள்ள திருகாணி 1930களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அது இருந்தால் சாமானே புதியது, அல்லது பிறகு யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். முதுகுப் பலகை பிளைவுட் என்றாலும் அதே கேள்விதான்.

தேய்மானத்தையும் பாருங்கள். கை படும் விளிம்பும் கால் உரசும் கட்டையும்தான் தேயும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். தேக்கைத் தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு தெரியும். புதிதாகச் சீவிய இடத்தில் பழைய தோல் வாடை வரும். வாகையையோ வேம்பையோ சாயம் பூசித் தேக்கு என்று விற்றால் இந்த வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

"இது பர்மாவா, நிலம்பூரா?" என்று கேட்டேன்.

"தேக்குன்னு அடிச்சுச் சொல்வேன். எந்த ஊருன்னு மரம் பேசாது சார். பேசுதுன்னு சொல்றவர் வியாபாரி" என்று சிரித்தார்.

வாங்கியாகிவிட்டது, எப்படிக் காப்பது? நம் ஊரில் மரத்துக்கு இரண்டு சோதனைகள்: ஐப்பசி கார்த்திகை ஈரம், சித்திரை வைகாசி வெயில். அடைமழையில் மரம் உப்பி இழுப்பறை இறுகும். உடனே இழைப்புளி போட்டுச் சீவாதீர்கள். பங்குனியில் தானாகவே தளரும். மழையில் சீவியது வெயிலில் ஆடும். சாமானைச் சுவரை ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். கால்களுக்கு அடியில் கல் துண்டு வைத்தால் தரை ஈரம் ஏறாது. மாதம் ஒருமுறை பின்பக்கம் மண் புற்றுக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. விளிம்பிலுள்ள வெளுத்த பகுதியைத் தொடும். சிறு துளைக்குக் கீழே புது மாவு உதிர்ந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. அதை மற்ற சாமான்களிலிருந்து பிரித்து வைத்துவிட்டு ஆசாரியை அழையுங்கள்.

பழைய மெருகு பெரும்பாலும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குதான். அதன் மேல் ஈர டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். உலர்ந்த துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஒருமுறை டர்பன்டைனில் குழைத்த தேன்மெழுகை மெல்லத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், தூசியைப் பிடித்துச் சிக்கு வாடை வரும். ஆடும் மூட்டுக்குப் பழைய ஆசாரிகள் வச்சிரம் காய்ச்சிப் போட்டார்கள். வெந்நீர் பட்டால் அது இளகும், மூட்டைப் பிரித்து மறுபடி சேர்க்கலாம். இன்றைய பசைகள் பல அப்படி விடுவதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: உப்புத்தாளை எடுக்குமுன் ஒரு நாள் பொறுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பத்தாயம் இருந்தது. சட்டம் தேக்கு, பலகை பலா. அதன் கதவுக்கு உட்புறம் கத்தி முனையால் கீறிய கோடுகள் வரிசை வரிசையாக இருக்கும். அறுவடைக்கு அறுவடை உள்ளே போன நெல்லுக்குக் கலத்துக்கு ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாயி வைத்த கணக்கு அது. முதல் வரிசை புது ஆற்றுத் தண்ணீரில் விளைந்த முதல் நெல் என்று சொல்லும். 1990களில் வீட்டைப் புதுப்பித்தபோது அந்தப் பத்தாயத்தைப் பிரித்துப் புத்தக அலமாரி செய்யச் சொன்னேன். கூலிக்கு வந்தவர் கோடுகளைக் காட்டி, "இதை என்ன பண்றதுங்க?" என்று கேட்கவும் செய்தார். "வழவழப்பா இழைச்சிடுங்க" என்றேன்.

அலமாரி இன்னும் பளபளப்பாக இருக்கிறது. இந்த ஊருக்குத் தண்ணீர் வந்த ஆண்டில் எங்கள் வயலில் எத்தனை கலம் கண்டது என்று என் பேரன் கேட்டால் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

உங்கள் வீட்டிலோ புதிதாக வாங்கிய சாமானிலோ கீறல், கரிக்கோடு, பெயர், குங்குமப் பொட்டு எது இருந்தாலும் முதலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நம் சங்கத்துக்கு அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடலாம். பாலிஷ் பிறகு போட்டுக்கொள்ளலாம்.