காவடியில் வந்த சோறு

பினாங்கில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களை, இரண்டு நாள் களைப்பு தீர்ந்ததும் ஜார்ஜ் டவுனுக்குக் கூட்டிப்போவார்கள். ஊரைச் சுற்றிக்காட்ட காரே தேவையில்லை. 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில், சீனர்களின் குவான் யின் கோயில், 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், எல்லாமே நடக்கிற தூரம்தான். 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே பிரிட்டிஷ் கொடியை ஏற்றியபின் சோழமண்டலக் கரையிலிருந்து மரைக்காயர்களும் கூலியாட்களும் வந்திறங்கினார்கள். சூலியாக்கள் எனப்பட்ட அவர்கள் புழங்கிய தெருவுக்குச் சூலியா தெரு என்றே பெயர்.

மதியம் பசித்தால் நாசி கண்டார்.

இன்று ஏசி ஹோட்டல்களிலும் கிடைக்கும் இந்தச் சாப்பாடு, துறைமுகத் தொழிலாளிகளுக்காகப் பிறந்தது. தோளில் காவடி, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு. தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாகச் சுமந்து விற்றார்கள். பிறகு மரத்தடி, அப்புறம் கடை. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907லிருந்து நடக்கிறது.

மீன் குழம்பு, கோழி, மாட்டிறைச்சி என நாலைந்து சாற்றையும் ஒரே சோற்றில் வெள்ளமாக ஊற்றுவதுதான் இதன் கணக்கு. தனித்தனியாகக் கேட்பவர்களுக்குப் பாதி ருசிதான் கிடைக்கும்.

மீன் தலையும் பெரிய இறாலும் எடுத்தால் பில் எகிறும். தட்டில் வைக்குமுன் விலையைக் கேட்டுவிடுங்கள்.