காஞ்சனபுரிக் காட்சிசாலையில் நம்மவர் எங்கே?

சயாம் நாட்டுக் காஞ்சனபுரியில், ஆற்றங்கரையை ஒட்டி, சாய்ச்சும்போன் என்னும் பௌத்த ஆலயம் ஒன்று உண்டு. அவ்வாலயத்துத் தலைமைத் துறவி 1977ஆம் ஆண்டில் அங்கே ஒரு போர்க் காட்சிசாலையை நிறுவினார். மூங்கிலும் அத்தாப்பும் கொண்டு கட்டிய கொட்டகை அது. சயாம் – பர்மா ரயில் பாதையில் உழைத்த போர்க் கைதிகள் படுத்துறங்கிய கொட்டகையின் சாயலிலேயே அதை அமைத்திருக்கிறார்கள். கைதிகள் வரைந்த ஓவியங்களும் புகைப்படங்களும் அதனுள் இருக்கின்றன. அதற்கு இட்ட பெயர் ‘ஜீத்’. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாட்டுப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து, மரணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஓசைபட ஆக்கிய பெயர் இது. பாதையோடு தொடர்புடைய நாடுகள் இவை என்பது கருத்து.

இப்பட்டியலில் மலாயா இல்லை; பர்மா இல்லை; ஜாவாவும் இல்லை. அப்பாதையில் மாண்டவர்களைக் கணக்கெடுத்தால் மிகப் பெரும்பாலோர் இந்நாடுகளிலிருந்து சென்ற தொழிலாளரே. துறவி நல்லெண்ணத்தோடு செய்த பணியில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. அவர் கையில் கிடைத்தவை வெள்ளையர் வரைந்த படங்கள். வெள்ளையர் எழுதிய குறிப்புகள். கிடைத்ததைக் கொண்டுதானே காட்சிசாலை வைக்க முடியும்?

என் பழைய மாணவர் ஒருவர் தம் இரு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல், மனைவியும் தாமுமாக வீட்டிலேயே கற்பித்து வருகிறார். பள்ளிக்கூடமே உலகமென்று வாழ்ந்த எனக்கு இம்முறையில் முழு உடன்பாடு இல்லை. அவ்வாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டிறுதியில் பிள்ளைகளைக் காஞ்சனபுரிக்கு அழைத்துச் செல்ல எண்ணி, “சார், எதைச் சொல்லிக் கூட்டிப் போவது?” என்று என்னிடம் கேட்டார். “பாலத்தைக் காட்டும் முன்னே தோட்டத்தைக் காட்டுங்கள், தம்பி” என்றேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடம். அக்கதை தொடங்கிய இடம் குவாய் ஆறன்று; நம் பால்மரக்காடு.

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டத் துரைமார் பலர் ஓடிப்போயினர், எஞ்சியோர் சிறைப்பட்டனர். மலாயாவின் ரப்பர் அதுவரை சென்றுகொண்டிருந்த சந்தைகள் மேல்நாட்டுச் சந்தைகள். அவை அடைபட்டதும் பால்வெட்டு நின்றது, கூலியும் நின்றது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி அருகிப்போய், மரவள்ளிக்கிழங்கே பலருக்கு உணவாயிற்று. வேலையின்றி, அரிசியின்றி, ஊருக்குத் திரும்பக் கப்பலுமின்றி லயங்களில் அடைபட்டுக் கிடந்த மக்கள் கூட்டம் எத்தகைய வலைக்கும் எளிதில் அகப்படும் அன்றோ?

ஜப்பானியருக்கு அப்போது பர்மாவில் பெரும்படை இருந்தது. அதற்கு வேண்டிய தளவாடங்கள் மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பலில் செல்ல வேண்டும். நேச நாட்டு நீர்மூழ்கிகளும் விமானங்களும் அவ்வழியை ஆபத்தாக்கின. ஆகவே சயாமிலுள்ள நோங் பிளாடுக் என்னும் ஊரிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, மூன்று கோபுரக் கணவாய் வழியே பாதை போட முடிவு செய்தனர். மலையும் காடும் மலேரியாவும் நிறைந்த அவ்வழியைப் பிரிட்டிஷார் முன்னரே ஆராய்ந்து, ஆகாத காரியமென்று கைவிட்டிருந்தனர். ஜப்பானியர் 1942இல் தொடங்கினர். இரு முனைத் தண்டவாளங்களும் 1943 அக்டோபர் 17இல் சந்தித்தன. இவ்வளவு விரைவு எப்படிக் கைகூடிற்று என்பதற்கு விடை இயந்திரங்களில் இல்லை. மண்வெட்டி, கூடை, சம்மட்டி, உளி. இவற்றைப் பிடித்த கைகள்.

நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே உழைத்தனர்; அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகை இதைப்போல் மும்மடங்குக்குக் குறையாது. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் சென்றனர் என்பர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். தொடக்கத்தில் நாட்கூலி உண்டு, அரிசி உண்டு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினர். கங்காணிமாரிடமும் கிராணிமாரிடமும் ஆள் கணக்குக் கேட்டனர். விரும்பிச் செல்வோர் அருகியபின் வளைத்துப் பிடித்தனர். இலவசப் படக்காட்சி என்று அழைத்து, கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதையை நம் முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிலர் மனைவி மக்களோடும் சென்றனர். சரக்குப் பெட்டிகளில் அடைபட்டுப் பல நாள் பயணம் செய்து பான்போங்கில் இறங்கி, அங்கிருந்து பலர் காட்டுவழியே நூறு கிலோமீட்டருக்கு மேலும் நடந்தனர்.

1943 மே மாதத்தில் பருவமழையும் வாந்திபேதியும் ஒன்றாய் வந்தன. கைதிகளின் முகாம்களில் அதே பேதி கண்டபோது, அங்கே இராணுவ மருத்துவர்கள் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், பாத்திரத்தைக் கொதிநீரில் முக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நடத்திவைக்க அதிகாரிகள் இருந்தனர். மருந்து அவர்களுக்கும் இல்லை, ஒழுங்கு இருந்தது. தொழிலாளர் முகாமிலோ மருத்துவர் இல்லை, தலைவர் இல்லை, ஒருவர் சொல்லை மற்றொருவர் கேட்கும் அமைப்பும் இல்லை. நோய் கண்ட முகாமை விட்டு ஓடியவர்கள் நோயையும் உடன்கொண்டு சென்றனர். சாவு மிஞ்சிப்போய் வேலை நிற்கும் நிலை வந்தபின்னரே, கைதிகளுள் இருந்த மருத்துவர்களையும் உதவியாளர்களையும் இரு பிரிவாகச் சிங்கப்பூரிலிருந்து தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினர். தமிழர் முகாம்களைப் பற்றி இன்று எழுத்தில் கிடைக்கும் செய்திகளுள் ஒரு பகுதி இவர்கள் எழுதிவைத்ததே. மாண்ட ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர் என்பதில் ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். 90,000 என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு.

இனிக் காட்சிசாலைகளுக்கு வருவோம். 1945இல் போர் முடிந்த சில வாரங்களிலேயே கல்லறை தேடும் குழு ஒன்று அப்பாதை நெடுகச் சென்றது. கைதிகள் ஒளித்துவைத்திருந்த பெயர்ப்பட்டியல்கள் அதற்கு வழிகாட்டின. ஏறக்குறைய 10,500 கல்லறைகளை அக்குழு கண்டறிந்தது. காட்டிலே புதைத்த கைதிகளின் உடல்களைத் தோண்டியெடுத்து மூன்று கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்தனர். காஞ்சனபுரியிலுள்ள பெரிய கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 6,982 பேர் உறங்குகின்றனர். புல் வெட்டி, பூச்செடி வைத்து, இன்றும் பேணுகிறார்கள். நாகரிக மக்கள் தம் இறந்தோருக்குச் செய்யும் கடன் இது, போற்றத்தக்கது. நம்மவருக்குப் பட்டியல் இல்லை. ஆகவே தேடுவோரும் இல்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோர் எலும்புகள் ஒரே குழியிலிருந்து வெளிவந்தன.

அப்பாதையைப் பற்றிய காட்சிசாலைகள் பின்னும் பெருகின. மலையைக் குடைந்த ‘நரகத் தீக் கணவாய்’ அருகே ஆஸ்திரேலிய அரசு 1998இல் ஒன்றைத் திறந்தது. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தின் அருகே 2003இல் திறந்த ரயில்பாதை ஆய்வுக் காட்சிசாலை, ஆசியத் தொழிலாளர் பங்கையும் எடுத்துச் சொல்கிறது. டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தைச் சேர்ந்த படைக் காட்சிசாலையின் முன்கூடத்திலும் இப்பாதையின் நினைவு ஒன்று நிற்கிறது: சி56 வகையைச் சேர்ந்த 31ஆம் எண் எஞ்சின். பாதைத் திறப்புவிழாவில் ஓடிய அந்த எஞ்சின் 1979இல் ஜப்பான் திரும்பியது. ஒரே பாதை, ஓரிடத்தில் துயரச்சின்னம், மற்றோரிடத்தில் பொறியியல் பெருமை. திரைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குவாய் ஆற்றுப் பாலத்தின் பெயரால் 1957இல் வந்த அந்தப் படத்தை இலங்கையில் எடுத்தார்கள். தமிழ்த் தொழிலாளருக்கு அதன் கதையில் இடமில்லை.

வியப்பான செய்தி ஒன்றுண்டு. பாலத்தின் அருகே 1944இல் ஜப்பானிய இராணுவமே இறந்தோருக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. பல மொழிகளில் பொறித்த வாசகங்களுள் தமிழும் ஒன்று. ஆளைக் கொண்டுபோனவனே அவன் மொழியையும் கல்லில் வெட்டினான்! நம் கையால் எழுந்த நடுகல் 2023ஆம் ஆண்டில்தான் காஞ்சனபுரியில் ஓர் ஆலய வளாகத்தில் அமைந்தது. இடைப்பட்டது எண்பதாண்டு. இதற்கிடையில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை 1993இல் வெளியிட்டது, நம்மவர் முற்றிலும் வாளாவிருக்கவில்லை என்பதற்குச் சான்று.

மாணவர் குடும்பம் போய்வந்து எனக்கு விவரம் சொன்னது. பாலத்தின் வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, நடுவிலுள்ள நேரான இரண்டும் குண்டுவீச்சுக்குப்பின் மாற்றியவை என்பதை மூத்தவள் தானே கண்டுபிடித்தாளாம். ஜப்பானியர் தூணிலிருந்த தமிழ் எழுத்துகளை எழுத்தெழுத்தாகத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தில் தந்தை இளையவனுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார்: இங்கே 6,982 பேர்; 90,000 பேருக்கு இதைப்போல் எத்தனை தோட்டம் வேண்டும்? பையன் மண்ணில் குச்சியால் வகுத்துப் பார்த்து, பதின்மூன்று என்றான். ஏறக்குறையச் சரிதான். பிறகு அவன் கேட்டானாம்: “அந்தப் பதின்மூன்றும் எங்கே, அப்பா?” தந்தை ஒன்றும் சொல்லவில்லை, நாம் தோக் செல்லும் ரயிலில் ஏற்றி, சன்னலோரம் உட்காரவைத்தார்.

சயாமுக்குப் போய்த் திரும்பாதவரைப் பாட்டனாகவோ பாட்டனின் தமையனாகவோ கொண்ட குடும்பங்கள் நம் தோட்டங்களிலும், தோட்டம் விட்டுப் பட்டணம் சேர்ந்தோர் வீடுகளிலும் இன்னும் உள்ளன. அப்பெயர், ஊர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதினாலே அது ஒரு பட்டியலின் தொடக்கம். எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இவ்வேலையைக் கொடுத்தேன். இதுவரை பதினோரு தாள்கள் வந்துள்ளன. இரண்டில் பெயர் இல்லை. ‘சயாமுக்குப் போன பெரியப்பா’ என்று மட்டுமே இருக்கிறது.