பாலைவனத்துல புல் வளர்த்தவங்க எங்க குடியிருந்தாங்க?

இன்னைக்கு மருத்துவம் இல்லை, கொஞ்சம் வரலாறு.

நம்ம மண்ணரைல எந்தத் தெருவுல நின்னாலும் தையல் மெஷின் சத்தம் கேட்கும். திருப்பூர்ல தைக்குற காலர் வச்ச டி-ஷர்ட்டுக்கு கோல்ஃப் கிளப்ல தனி மரியாதை. காலர் இல்லாம போனா பல கிளப்ல உள்ளயே விடமாட்டாங்க.

அந்த "உள்ள விடமாட்டாங்க" பத்தித்தான் இந்த த்ரெட்.

1) கலிஃபோர்னியாவுல கோச்செல்லா பள்ளத்தாக்குன்னு ஒரு பாலைவனம். வருஷத்துக்கு 150 மி.மீ. மழை கூட தேறாது. கோடையில வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்க 1951ல தண்டர்பேர்ட் கன்ட்ரி கிளப் வந்துச்சு. அந்தப் பள்ளத்தாக்கோட முதல் 18 குழி கோல்ஃப் மைதானம். மணல்ல தண்ணி பாய்ச்சி புல் வளர்த்து, மைதானத்தைச் சுத்தி வசதியானவங்க வீடு கட்டினாங்க. 1955 ரைடர் கோப்பைப் போட்டியே அங்கதான் நடந்துச்சு.

2) பணம் இருந்தா மட்டும் போதாது. யூதர்களை உறுப்பினரா சேர்க்கலை. நகைச்சுவை நடிகர்கள் ஜாக் பென்னி, ஜார்ஜ் பர்ன்ஸ், மார்க்ஸ் சகோதரர்கள் எல்லாம் சேர்ந்து 1952ல பக்கத்துலயே டாமரிஸ்க் கன்ட்ரி கிளப்பைத் தொடங்கினாங்க.

3) நம்மூர்க் கதையும் இதேதாங்க. 1832ல தொடங்கின மெட்ராஸ் கிளப் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். இந்தியர்கள் சேரக்கூடிய காஸ்மாபாலிட்டன் கிளப் 1873ல வந்துச்சு. சென்னை நந்தனத்துல அவங்களுக்கு இன்னைக்கு கோல்ஃப் மைதானமே இருக்கு.

4) வசதி இருந்தவங்க தனக்குன்னு ஒரு கிளப் கட்டிக்கிட்டாங்க. வசதி இல்லாதவங்க?

அதே பள்ளத்தாக்குல பாம் ஸ்பிரிங்ஸ் ஊர் இருக்கு. அங்க தோட்டவேலை, கட்டடவேலை, ஹோட்டல் வேலை செஞ்ச கறுப்பின, மெக்சிக வம்சாவளி மக்கள் ஊர் நடுவுல 'செக்‌ஷன் 14'ங்குற ஒரு சதுர மைல்ல குடியிருந்தாங்க. அது அகுவா கலியன்டே பழங்குடியோட நிலம். 1959ல நீண்டகால குத்தகைக்குச் சட்டம் வழிவிட்டதும் அந்த நிலத்துக்கு மவுசு கூடுச்சு. குடியிருந்தவங்களைக் காலி பண்ணி, வீடுகளை இடிச்சாங்க, எரிச்சாங்க. 1968ல மாநில அரசு வழக்கறிஞர் அலுவலக அறிக்கையே நகர நிர்வாகத்தைக் கடுமையா கண்டிச்சுது.

நகர மன்றம் மன்னிப்பு கேட்டது 2021ல. 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒத்துக்கிட்டது 2024ல. வீட்டை இழந்த பெரியவங்கள்ல பலர் அதைப் பார்க்க உயிரோட இல்லை.

5) இதை ஏன் ஒரு டாக்டர் சொல்றேன்?

ஓ.பி.க்கு இருமலோட வர்ற பனியன் கம்பெனித் தொழிலாளிகிட்ட நான் கேட்குற முதல் கேள்விகள்: எங்க தங்கியிருக்கீங்க? ஒரு ரூம்ல எத்தனை பேர்? காத்து வருமா? பாதி நோய் அந்தப் பதில்லயே தெரிஞ்சுடும்.

ஒரு ஊர் எவ்வளவு செழிப்பா இருக்குன்னு பார்க்க அதோட புல்வெளியைப் பார்க்காதீங்க. அந்த ஊருக்கு உழைக்குறவங்க ராத்திரி எங்க தூங்குறாங்கன்னு பாருங்க.

நம்ம ஊரையும் அப்படியே பாருங்க.