கோணிய கோபுரம்



தேவாலயக் கோபுரம் என்றால் வானை நோக்கி நேராக நிற்க வேண்டும். கோணலாக நின்றால் கட்டியவரைத்தான் குறை சொல்வோம். இங்கிலாந்தில், டார்பிஷையர் மாவட்டத்துச் செஸ்டர்பீல்டு நகரில், அப்படிக் கோணிய கோபுரம் ஒன்று 650 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அதைக் கட்டிய தச்சர்கள் தொழில் தெரியாதவர்கள் என்ற பழியும் நெடுங்காலமாக நிற்கிறது. அந்தப் பழி நியாயந்தானா என்று இன்று பார்ப்போம்.

புனித மரியாள், சகல புனிதர்கள் ஆலயம் என்பது அந்தக் கோயிலின் பெயர். கீழே கல்லாலான சதுரக் கோபுரம். அதன்மேல் எட்டுப் பட்டைகளாக உயரும் மரக் கூம்பு. இந்தக் கூம்பு எழுந்தது ஏறத்தாழ 1362இல். உச்சிவரை உயரம் 228 அடி. ஈரத் துணியை இரு கையாலும் பிழிந்து நிறுத்தியதுபோல அது 45 பாகை முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதோடு சாய்ந்தும் இருக்கிறது. உச்சியிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றை இறக்கினால், நடுவிலிருந்து 9 அடி 6 அங்குலம் தள்ளித்தான் வந்து நிற்கும்.

காரணம் தெரியாத இடத்தில் கதை பிறப்பது எங்கும் வழக்கம். பக்கத்து ஊர்க் கொல்லன் ஒருவன் சாத்தானின் காலில் லாடத்தைத் தவறாக அடித்துவிட்டானாம். வலி பொறுக்காத சாத்தான் துள்ளிப் பாய்ந்தபோது கால் பட்டுக் கோபுரம் முறுகியதாம். கோபுரத்தில் அமர்ந்திருந்த சாத்தானுக்குச் சாம்பிராணிப் புகையால் தும்மல் வந்தது என்பாரும் உண்டு. மணப்பெண் ஒருத்தியைப் பற்றிய கதையும் இருக்கிறது. பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம், அதை விட்டுவிடுவோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1348இல் பெருங்கொள்ளைநோய் இங்கிலாந்தில் புகுந்தது. இரண்டே ஆண்டுகளில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினராவது மாண்டனர். பாதிப்பேர் என்று கணக்கிடுவோரும் உண்டு. 1361இல் நோய் மறுபடியும் வந்தது. அந்த நாளில்தான் இந்தக் கோபுரம் எழுந்தது. கைதேர்ந்த தச்சர்கள் போய்விட்டார்கள், எஞ்சியவர்கள் அரைகுறையாகக் கட்டினார்கள் என்பதே பழி.

எஞ்சியவர்களின் நிலை என்ன? ஆள் பஞ்சம் வந்ததும் தொழிலாளர்கள் கூடுதல் கூலி கேட்டனர். மன்னர் மூன்றாம் எட்வர்டின் ஆட்சி 1351இல் ஒரு சட்டம் போட்டது. நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் எவரும் வாங்கக் கூடாது. தலைமைத் தச்சருக்கு நாளுக்கு 3 பென்னி, மற்றத் தச்சருக்கு 2 பென்னி. மறுத்தவரைக் காலில் தொழுமரம் மாட்டி உட்கார வைத்தார்கள். செஸ்டர்பீல்டுக் கூம்பின் சட்டங்களை இழைத்தவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள்.

அவர்கள் உலராத பச்சை ஓக் மரத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது முதல் குற்றச்சாட்டு. பச்சைப் பலகை காயும்போது என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். பால்மரப் பலகையை வெட்டி வெயிலில் போட்டால் நாலே நாளில் நெளிந்துவிடுகிறது அல்லவா? ஆனால் ஓக் காய்ந்தபின் இரும்பாக இறுகி, உளிக்கு மசியாது. ஆகவே பச்சையாக இழைத்துப் பொருத்தி, இருந்த இடத்திலேயே காயவிடுவதுதான் அக்காலத் தச்சு முறை. அப்படிக் கட்டிய கூரைகள் பல இன்றும் ஒழுங்காகவே இருக்கின்றன. இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

கூம்புக்குள் குறுக்குச் சட்டங்கள் போதாது என்பது இரண்டாவது. இந்தக் குறை மெய்தான் என்று நமக்கும் தோன்றுகிறது. ஆனால் எந்தப் பாரத்துக்குப் போதாது என்று கேட்க வேண்டும். கூம்பைப் போர்த்தியிருப்பது காரீயத் தகடு. நம் நாட்டு ஈய வயல்களில் எடுத்த வெள்ளீயம் அன்று, அதைவிடக் கனமானது. அதன் எடை சுமார் 33 டன். மூன்று டன் லோரிகள் பதினொன்று சுமக்கும் பாரம்! அவ்வளவு கனத்துக்காக அந்தச் சட்டங்கள் வகுக்கப்படவில்லை என்பது ஆராய்ந்தோர் பலரின் கருத்து.

வெயிலும் சேர்ந்துகொண்டது. நமக்கு நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேலே நிற்கும். இங்கிலாந்திலோ அது ஆண்டு முழுவதும் தென்பக்கமாகவே சாய்ந்து செல்லும். கூம்பின் தென்புறத் தகடு சூடேறி விரியும். வடபுறம் குளிர்ந்தே இருக்கும். இரவில் விரிந்தது சுருங்கும். நாள்தோறும் நடந்த இந்த இழுபறியில், காய்ந்துகொண்டிருந்த மரம் சிறிது சிறிதாகத் திரும்பியது.

அதே நூற்றாண்டைச் சேர்ந்த சாலிஸ்பரிக் கோபுரம் 404 அடி உயரம், முழுதும் கல். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 1668இல் அதை அளந்தபோது அதுவும் 29½ அங்குலம் சாய்ந்திருந்தது. அந்தக் கொத்தனார்களை யாரும் தொழில் தெரியாதவர்கள் என்பதில்லை.

1961 டிசம்பர் 22இல் செஸ்டர்பீல்டு ஆலயத்தில் தீப்பிடித்தது. வடபுறச் சிறகும், 1756இல் செய்த ஆர்கன் இசைக்கருவியும் எரிந்து போயின. கூம்புக்குத் தீ எட்டவில்லை. பழுதுபார்த்தபோதும் அதை நிமிர்த்தவில்லை. ஊராரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. அவ்வூர்க் காற்பந்துக் குழுவினருக்கே கோபுரக்காரர்கள் என்றுதான் பட்டப்பெயர்.